ஏழாம் கட்டிலில் எறும்பு

எனக்கு எழுபத்து இரண்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மீதி இரண்டும் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். அவர்களையும் சேர்த்துத்தான் எண்ணுவேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ஆட்டோடு போய்விட்டேன். எழுத்துக் கூட்டி ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதுவேன். அதை என் பேத்தி நல்ல நோட்டில் திருத்தி எழுதுகிறாள்.

இப்படிப்பட்ட நான் முப்பத்தொரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் ஆயாவாக இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். தருமபுரி ஜில்லாவில் பாதிப் பேருடைய நெஞ்சை உள்ளே வரைக்கும் பார்த்தவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த பெண்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இப்போது பிலிமும் இல்லை, அதைக் கழுவுகிற இருட்டறையும் இல்லை. படம் நேராகக் கம்ப்யூட்டரில் வந்து விழுகிறது. ஒரு பெண் கேட்டாள்: "ஆயாம்மா, பெரிய டாக்டருக்கே அகப்படாத கட்டியை நீங்க கண்டுபுடிச்சீங்களாமே?"

சொன்னேன். கை தட்டினார்கள். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் நான் சொன்னது பாதிக் கதை. இருபது வருடமாக அந்தப் பாதியைத்தான் சொல்லி வருகிறேன். மீதிப் பாதியை இதில் எழுதுகிறேன்.

வேலை பழக ஆறு மாதம் ஆனது. திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. என்ன வேலை என்பதைச் சொல்கிறேன். நெஞ்சுப் படம் எடுக்க வரும் பெண்களை அழைத்துவந்து திரைக்கு அந்தப் பக்கம் நிறுத்துவேன். முதலில் ஊக்கு. எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலிக்கயிற்றில் ஊக்கு கோர்த்து வைத்திருப்பார்கள். முள் எடுக்க, பல் குத்த, அவசரத்துக்குச் சேலையைப் பிடிக்க. அதை விட்டால் படத்தில் நுரையீரலுக்கு நடுவில் ஊக்கு மினுமினுக்கும். பிறகு சங்கிலி, தாயத்து, ரவிக்கைக் கொக்கி. சடையைத் தூக்கி உச்சியில் முடிய வேண்டும். தொங்கவிட்டால் அதுவும் வியாதி மாதிரி விழும். பிறகு ஆஸ்பத்திரிக் கவுன். கடைசியாக ஈரத்துணியால் நெஞ்சிலும் முதுகிலும் ஒரு துடை. விபூதி, தைலம், பச்சிலை, எது இருந்தாலும் போய்விட வேண்டும்.

அதற்கு அப்புறம் ரங்கநாதன் சார் பாடு. படம் பிடிப்பவர் அவர். தடுப்புக்குப் பின்னாலிருந்து, "மூச்சை இழு, புடி, அசையாதே!" என்பார். படம் எடுத்ததும், "விடு!" என்பார். ஒருநாள் சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு ஆளுக்கு "புடி" என்றவுடன் கரண்டு போய்விட்டது. நாங்கள் ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டு வெளியே ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் அந்த ஆள் ஸ்டாண்டைக் கட்டிப் பிடித்தபடி, கத்தரிக்காய் நிறத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

"யோவ், மூச்சை விடுய்யா!" என்று கத்தினார் ரங்கநாதன் சார்.

ஒரு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு அந்த ஆள் சொன்னார்: "நீங்க இன்னும் வுடச் சொல்லலீங்களே."

அந்த ஆளுக்கு இரண்டாவது படம் எடுத்தோம். அது கரண்டு செய்த தப்பு. அதுவரைக்கும் என்னால் யாருக்கும் இரண்டாவது படம் எடுத்ததில்லை. சவரியம்மா தயார் பண்ணி அனுப்பினால் ஒரே படம்தான் என்று பெரிய டாக்டரே நர்சுகள் முன்னால் ஒரு தரம் சொன்னார். அதைச் சொல்லிச் சொல்லியே நான் பல வருடம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

பெரிய டாக்டர் நெஞ்சு ஆபரேஷன் செய்கிறவர். எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், கூட்டுகிறவரைக்கூட. நோயாளியைத் தொடும் முன் இரண்டு உள்ளங்கையையும் சூடு வரத் தேய்ப்பார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மூக்கால் ஏதோ பாட்டு முனகினால் பயமில்லை. கண்ணாடியைக் கழற்றினால் சமாச்சாரம் கெட்டது. கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். "ரொம்ப சந்தோஷம்ங்க" என்பார். அதைக் கேட்டவர்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்தக் காலத்தில்தான் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து மாதம்மா வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நாள் முழுக்கக் கதிர் அடித்து, கட்டுச் சுமந்த உடம்பு. கூடவே அவள் வீட்டுக்காரர் சின்னசாமி, வாயைத் திறக்காத மனிதர். வலது தோள்பட்டைக்குக் கீழே, முதுகில், என்னமோ முட்டுகிறதாம், வருகிறதாம், போகிறதாம். பெரிய டாக்டர் படம் பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டார். சீட்டு எழுதி எங்களிடம் அனுப்பினார்.

அவளிடமிருந்து பதினொரு ஊக்கு எடுத்தேன். என் வாழ்நாளில் அதுதான் அதிகம்.

"ஏம்மா, இத்தினியும் புடுங்கிட்டா நான் வூட்டுக்கு எப்படிப் போறது? எம் பாதி உடம்பு ஊக்குலதான் நிக்குது."

"காலைல என்ன சாப்டீங்கக்கா?" என்று பேச்சுக்குக் கேட்டேன். படம் எடுக்கப் பயப்படுகிறவர்களை அப்படித்தான் பேச்சில் இழுப்பேன்.

"களி."

"நொய்யரிசி போட்டா, போடாமலா?"

"நொய்யா? நொய் போட்டா அது சோறு."

"நொய் போடாம கிண்டுனா அது போஸ்டர் ஒட்டற பசை."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அவள் அம்மா எப்படிக் கிண்டுவாள், என் மாமியார் எப்படிக் கிண்டுவாள், துடுப்பு எந்த மரம், எத்தனை கொதி. திரைக்குப் பின்னால் போய் அவளே கவுனைப் போட்டுக்கொண்டாள், வெட்கம். அங்கிருந்தே பதில் சொன்னாள். ஈரத்துணி என் கையில் இருந்தது. அதை ஆட்டி ஆட்டி நொய்யின் அருமையை விளக்கிக்கொண்டே அவளை ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன். துணி என் கையிலேயே இருந்தது.

இந்த இருபது வருடமாக நான் யாரிடமும் சொல்லாத பாதி அதுதான். முதுகைத் துடைக்கவில்லை.

சாயங்காலம் பெரிய டாக்டர் அந்தப் படத்தை ஜன்னலில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். வலது பக்கம், ஏழாவது எட்டாவது விலா எலும்பு போகிற இடத்தில், கேழ்வரகைத் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பொட்டு.

கூட இருந்த சின்ன டாக்டர்களுக்கு அவர் சொன்னதைப் பிலிம் அடுக்கிக்கொண்டே கேட்டேன். நெஞ்சுக்கூட்டுச் சுவரில் முளைக்கிற கட்டியே அபூர்வம். பாதிக்கு மேல் வேறு இடத்துப் புற்று வந்து தங்கியதாக இருக்கும், இல்லையென்றால் வெறும் கொழுப்பாக இருக்கும். விலாவின் குருத்தெலும்பிலேயே முளைப்பது ஒன்று உண்டு. அதில் இப்படிச் சுண்ணாம்புப் பொட்டு விழும். அதுவாக இருந்தால் மருந்துக்குக் கேட்காது. சுற்றி நல்ல இடத்தையும் சேர்த்து, இரண்டு மூன்று விலா எலும்போடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் வலை வைத்துத் தைக்க வேண்டும். ஆனால் ஒரு படத்தை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது, சேலத்தில் சி.டி. எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்த பிறகுதான்.

அவருக்கு ஒரு குழப்பமும் இருந்தது. மாதம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்து, ரவிக்கை மேலேயே கையை முதுகுக்கு அடியில் விட்டுப் பார்த்தார். கட்டி இல்லை. கொஞ்சம் சொரசொரப்பு மட்டும். ரவிக்கைத் தையல் என்று நினைத்தாராம்.

"கைக்கு அகப்படாத கட்டி படத்துல மட்டும் இருக்குதுங்க" என்றார், தனக்குத்தானே.

பெண்கள் வார்டில் ஏழாம் கட்டிலில் அவளைச் சேர்த்தார்கள், நான்காம் நாள் சேலத்துக்கு அனுப்ப. ஒரு சின்ன டாக்டர், வாய் சும்மா இருக்காமல், விலா எலும்பை எடுக்க வேண்டியிருக்கும் என்று சின்னசாமியிடம் சொல்லிவிட்டார். சின்னசாமி அழுதார். மாதம்மா அழவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. தான் போன பிறகு புருஷனை யார் கையில் ஒப்படைப்பது என்று பெண் பார்க்க ஆரம்பித்தாள், அந்த வார்டிலேயே.

"நல்ல மனுசன். குடி கெடையாது, சத்தம் கெடையாது. சொல்ற வேலையச் செய்வாரு. சொல்லாட்டி உக்காந்திருப்பாரு. அவ்வளவுதான் தொந்தரவு" என்று கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னாள். சின்னசாமி பக்கத்தில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் கட்டிலில் குடலிறக்கத்துக்கு வந்திருந்த ஒரு விதவை அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தையல் பிரிச்சதும் யோசிச்சுச் சொல்றன்" என்றாள்.

என்னையும் விடவில்லை. "ஏம்மா சவரியம்மா, உனக்குந்தான் வூட்டுக்காரரு இல்ல. நீ சரின்னா நான் நிம்மதியாப் போவேன்."

"நான் வேதக்காரி, அக்கா. மாதா கோயிலுக்குப் போறவ."

"பரவால்ல. அவரு எந்தச் சாமியையும் தொந்தரவு பண்ண மாட்டாரு."

"நான் நொய் போட்டுத்தான் களி கிண்டுவேன்."

அதற்கு அவள் வெகுநேரம் யோசித்தாள். "அப்ப வேணாம்" என்றாள்.

இதற்கிடையில் ஏழாம் கட்டிலில் எறும்பு. சாரை சாரையாக. வார்டு சிஸ்டர் தலையணையைத் தூக்கி உதறினாள். "யாரு இங்க ஒளிச்சு வெச்சு மைசூர்பாகு திங்கறது?"

"சாகப்போறவளுக்கு எதுக்கு மைசூர்பாகு?" என்றாள் மாதம்மா.

கட்டில் கால்களை நான்கு டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தினார்கள். எறும்பு சுவர் வழியாக வந்தது. சர்க்கரை வியாதியோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவளைப் பார்க்கப் போனேன். மறுநாள் காலையில் சேலம். கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தாள். அத்தனை பேச்சுக்கும் அடியில் பயம் இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை அதைச் சொல்லியது.

"முதுகு நமநமங்குது. கொஞ்சம் சொறிஞ்சு வுடேன்" என்றாள்.

ரவிக்கைக்குள் கையை விட்டுச் சொறிந்தேன். கையை வெளியே எடுத்தால் நகக்கண்ணெல்லாம் வெள்ளை. முகர்ந்து பார்த்தேன். வெல்ல வாசனை.

"அக்கா, முதுகுல என்ன பூசியிருக்கீங்க?"

"சுண்ணாம்பும் வெல்லமும். வீக்கத்துக்கு நல்லதுன்னு மருமவ கொழைச்சுப் போட்டா. ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னிக்குக் காலைலகூட ஒரு பூச்சு. பழசு மேலயே போட்டா நல்லாப் புடிக்குமாம்."

"படம் எடுக்கறப்ப இதை ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. களியப் பத்தித்தானே கேட்ட."

ரங்கநாதன் சாரிடம் ஓடினேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு வியர்த்தார். "நல்லாத் துடைச்சுக் கூட்டியாங்க" என்றார். வெந்நீர் வைத்து, சோப்புப் போட்டு, பாத்திரம் தேய்க்கிற மாதிரி அவள் முதுகைத் தேய்த்தேன். குப்புறப் படுத்திருந்தாள்; அப்போதும் கட்டி என்று ஒன்று என் கைக்குப் படவில்லை. இரண்டாவது படம் எடுத்தோம். கேழ்வரகு ஒரு மணிகூட இல்லை.

"எதுக்கும் இன்னொண்ணு எடுக்கலாம்னு எடுத்தோம், அதுல ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கலாம். நீங்க பேசாம இருங்க ஆயா" என்றார் ரங்கநாதன் சார்.

எனக்கும் அது சரி என்றே பட்டது. பொய் சொல்லவில்லை, அப்படியே பட்டது. எனக்குப் பேர் கெடாது, அவளுக்கு எலும்பு போகாது. படத்தை உறையில் போட்டுக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில்தான் பெரிய டாக்டர் எப்போதும் சொல்கிற ஒன்று ஞாபகம் வந்தது: ரெண்டு படம் ரெண்டு விதமா இருந்தா, காரணம் தெரியற வரைக்கும் கெட்டதைத்தான் நம்பணும். காரணம் சொல்லாமல் இந்தப் படத்தைக் கொடுத்தால் அவர் இதைத் தள்ளிவைத்துவிட்டு, முதல் படத்தைத்தான் சேலத்துக்கு அனுப்புவார். காரணம் என் கையில் இருந்த ஈரத்துணி. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

திரும்பப் போய் மாதம்மாவையும் சின்னசாமியையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குள் போனேன். இரண்டு படத்தையும் மேஜை மேல் வைத்தேன்.

"ஐயா, மொதப் படத்துல இருக்கறது எலும்புக் கட்டி இல்லீங்க. வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு. நான் முதுகைத் துடைக்கல."

"ஏன்ங்க துடைக்கல?"

"களிக்கு நொய் போடறதப் பத்திப் பேச்சு வந்துடுச்சுங்க."

அவர் என்னையே பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்ங்க" என்றார்.

நான் மாதம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் போய்ப் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பாட்டு வரவில்லை. "பொட்டு போயிடுச்சு, சரி. அப்ப கட்டின்னு ஒண்ணு இருக்குதாங்க, இல்லையாங்க?" என்று மாதம்மாவைக் கேட்டார்.

மாதம்மா பெரியவர்கள் முன் நிற்கிற மாதிரி இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றாள். "இருக்குதுங்க சாமி. இந்தா, இப்பக்கூட முட்டுதுங்க."

நான் பின்னால்தானே நின்றேன். தோள்பட்டை எலும்பு முன்னால் நகர்ந்துபோய், அதன் அடியிலிருந்து ஒரு பன் அளவுக்கு ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு புடைத்து வந்தது.

"ஐயா! வந்துடுச்சுங்க! இங்க இருக்குதுங்க!"

அவர் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார். டாக்டருக்கு முதுகைக் காட்டலாமா? மரியாதை தெரிந்த மாதம்மா உடனே அவர் பக்கம் திரும்பி, கட்டிய கையை எடுத்துக் கும்பிட்டாள். கட்டி உள்ளே போய்விட்டது. அவர் இந்தப் பக்கம் வந்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். அவர் அந்தப் பக்கம் போனார். அவளும் திரும்பினாள். அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நானும் சுற்றினேன். மூன்று பேரும் செக்கு மாடு மாதிரி அந்த அறையை இரண்டு சுற்று வந்திருப்போம்.

"அம்மா, நீங்க உங்க வூட்டுக்காரரைப் பார்த்து நில்லுங்க. அவருக்குக் கையைக் கட்டுங்க" என்றார் மூச்சு வாங்க.

"இவருக்கா? கண்ணாலம் ஆன நாள்ல இருந்து இவருக்கு நான் கை கட்டுனதில்லீங்க."

பெரிய டாக்டர் சின்னசாமி பக்கம் போனார். தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சின்னசாமிக்கு மாட்டிவிட்டார். பித்தான் போட்டு, ஸ்டெதாஸ்கோப்பையும் கழுத்தில் போட்டார். சின்னசாமி மெல்ல நிமிர்ந்தார். ஒரு கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டார். மாதம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்து அவரைப் பார்த்ததும், அவளை அறியாமல் அவள் கை தானாகக் கட்டிக்கொண்டது.

பெரிய டாக்டர் உள்ளங்கையைச் சூடு வரத் தேய்த்துக்கொண்டு அவள் பின்னால் வந்தார். வலது பக்கக் கட்டியைப் பிடித்துப் பார்த்தார். ரப்பர் மாதிரி உறுதி, தோலோடு ஒட்டவில்லை. கையை அவிழ்க்கச் சொன்னார், போனது. கட்டச் சொன்னார், வந்தது. பிறகு இடது பக்கம் அதே இடத்தில் கையை வைத்தார். அங்கேயும் ஒன்று, எலுமிச்சை அளவு. அது அவளுக்கே தெரியாது.

அப்போது மூக்கில் பாட்டு வந்தது.

இதுவும் அபூர்வமானதுதானாம். ஆனால் நல்ல ஜாதி. தோள்பட்டைக்கும் விலாவுக்கும் நடுவில், தோளை வைத்து உழைத்த வயசான பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம், நாரும் கொழுப்பும் சேர்ந்து திரண்டது, அநேகமாக இரண்டு பக்கமும் இருக்கும், புற்று இல்லை. இருந்தாலும் கைக்குத் தெரிந்ததை மட்டும் நம்பக்கூடாது என்று சேலத்துக்கு சி.டி.க்கு அனுப்பினார். அனுப்பும் முன் முதல் படத்தின் உறையை என் முன்னால் தள்ளி, பேனாவைக் கொடுத்தார். "படம் ஏன் தப்பாச்சுன்னு நீங்களே எழுதுங்க." கால்மணி நேரம் ஆனது எனக்கு. 'முதுகைத் துடைக்கவில்லை. சவரியம்மாள்.' அவ்வளவுதான் எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, ஒரு புள்ளியை மட்டும் சரி செய்தார். திட்டவே இல்லை.

ஒரு வாரத்தில் சேலத்திலிருந்து முடிவு வந்தது. அவர் சொன்னதேதான். வெட்டவும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். வலித்தாலோ பெரிதானாலோ மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும்.

சின்னசாமி வராந்தாவில் உட்கார்ந்து, வந்த நாளில் அழுததைவிட அதிகமாக அழுதார். மாதம்மாவுக்குக் கோபம். "வெட்ட மாட்டீங்களா? ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனே! அந்த மூணாம் கட்டில்காரி வேற நேத்துதான் சரின்னு சொன்னா. அவ மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?" சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்தாள். விடவே இல்லை.

அதற்குப் பிறகு வருடா வருடம் வந்தாள். கட்டி அதே அளவில் இருந்தது. சின்னசாமி அறைக்குள் நுழைந்ததும் யாரும் சொல்லாமலே ஆணியில் தொங்கும் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வார். நான் வேலையிலிருந்து நின்ற வருடம் வரைக்கும் இது நடந்தது.

இதில் கையைக் கட்டியதும் கட்டி வந்த பாதியைத்தான் எல்லோருக்கும் சொன்னேன். கட்டியைக் கண்டது நான்தான், அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனால் அந்தப் புதுப் பெண்கள் வடை வாங்கிக் கொடுத்த அன்று ஒருத்தி, "உங்களை மாதிரி தப்பே பண்ணாம வேலை செய்யணும் ஆயாம்மா" என்றாள். அவள் முகத்தில் பயம் தெரிந்தது. தப்பு நடந்தால் மறைக்கத்தான் வேண்டும் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. நான் மறைத்திருந்தால் மாதம்மா எலும்பு எடுக்கிற பயத்தோடுதான் சேலத்துக்கு வண்டி ஏறியிருப்பாள். அதனால்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.

நாளைக்கு இதை அவர்களுக்கு அனுப்ப வேண்டும். பேத்தி இதை நல்ல நோட்டில் எழுதும்போது, "இந்த எடத்தை மட்டும் வுட்டுடலாமே ஆத்தா, மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்குது" என்று இரண்டு தரம் கேட்டாள். அவளுக்கு என் மேல் பாசம். அதனாலேயே அவள் எழுதியதை நம்ப முடியாது.

ஏ புள்ளே, நோட்டைக் கொண்டா. இப்பிடி வந்து உக்காரு. மொதல்ல இருந்து படி, அவசரப்படாதே. துணி என் கையிலயே இருந்துச்சுன்னு வருமே, அந்த எடம் இருக்குதான்னு பாக்கணும். அது வந்ததும் சத்தமாப் படி.